ஊட்டியில் பேய்க்கதை நடை: வழிகாட்டியோடு போகிறவர்களுக்கு

ஊட்டிக்குப் பேய்க்கதை கேட்க வருகிறவர்கள் பெரும்பாலும் ராத்திரி ஒன்பது மணிக்குப் புறப்படும் நடையைத்தான் தேடுகிறார்கள். அந்த நேரத்தில் கல்லறைத் தோட்டங்கள் பூட்டியிருக்கும். கல்வெட்டு ஒன்றுகூடப் படிக்க முடியாது. கோவில் நடை சாத்தியிருக்கும். நடை முடிந்தபின் ஆட்டோ கிடைப்பதும் கஷ்டம். மிச்சமிருப்பது இருட்டும் கைடின் குரலும் மட்டும்தான். அதற்கு ஊட்டி வரைக்கும் வர வேண்டியதில்லை.

மதியம் மூன்றரைக்குத் தொடங்கி ஏழு மணிக்கு முடியும் நடையைத் தேர்ந்தெடுங்கள். வெளிச்சம் இருக்கும்போது கல்லறைகள், வெளிச்சம் போகும்போது மேட்டுச் சாலை, இருட்டியபின் கடைவீதி: இந்த வரிசை அமைந்தால் பாதி வேலை முடிந்தது. டிசம்பரில் ஆறு மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். ஜூனில் ஆறே முக்காலைத் தாண்டும். புறப்படும் நேரத்தை அதற்குத் தக்கபடி அரை மணி முன்பின் தள்ளிக்கொள்ளலாம்.

மாதமும் முக்கியம். டிசம்பர், ஜனவரியில் வானம் தெளிவாக இருக்கும், ஆனால் இரவில் வெப்பநிலை பூஜ்ஜியம் டிகிரிக்குப் பக்கத்தில் இறங்கி உறைபனி விழும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவக்காற்றும் சாரலும் விடாது; குடை திரும்பிக்கொள்ளும். அக்டோபர், நவம்பரில் மதியத்துக்கு மேல் கனமழை வரும். ஏப்ரல், மே சீசன் கூட்டத்தில் கடைவீதியான கமர்ஷியல் ரோட்டில் கைடு பேசுவதே காதில் விழாது. பிப்ரவரி கடைசியும் மார்ச்சும்தான் நல்ல காலம். செப்டம்பர் பிற்பாதி அதற்கடுத்தது. வெளியூர் வண்டியில் வருகிறவர்களுக்கு 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் நடைமுறை இருக்கிறது. புறப்படுவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். மைசூர் பக்கமிருந்து வருகிறவர்கள் இன்னொன்றையும் கணக்கில் வைக்க வேண்டும்: பந்திப்பூர் வழியான சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடப்படும். நடை முடிந்து அன்றிரவே திரும்பிவிடலாம் என்று திட்டம் போடாதீர்கள்.

கைடிடம் என்ன கேட்பது

போனில் பேசும்போதே ஐந்தாறு கேள்வி கேட்டுவிடலாம். குழுவில் எத்தனை பேர்? எட்டு முதல் பன்னிரண்டு பேர் வரை சரி. அதற்கு மேல் போனால் பின்னால் நிற்பவருக்குக் கதை பாதிதான் வந்து சேரும். வரிசையின் கடைசியில் நடக்க இன்னொரு ஆள் உண்டா? பனிமூட்டத்தில் பத்தடி தள்ளி நிற்பவரே தெரியாத நேரங்கள் உண்டு, அதனால் இது கட்டாயம். சர்ச் வளாகத்துக்குள் போக முன்கூட்டியே அனுமதி கேட்டாயிற்றா? மழை பிடித்துக்கொண்டால் வேறு நாள் தருவாரா, பணம் திருப்பித் தருவாரா? கதை எந்த மொழியில்?

கடைசியாக ஒன்று: இடையில் யாராவது புதரிலிருந்து குதித்துப் பயமுறுத்துவார்களா? "ஆமாம், அதுதான் ஸ்பெஷல்" என்று பதில் வந்தால் அந்த நடையை விட்டுவிடுங்கள். ஊட்டியின் சாலைகள் சரிவானவை, படிகள் பாசி பிடித்தவை, ஓரத்தில் திறந்த வாய்க்கால் ஓடும். அதிர்ச்சியில் ஒருவர் பின்னால் ஓரடி வைத்தாலே கணுக்கால் பிசகிவிடும். இதயக் கோளாறு உள்ளவர்கள் குழுவில் இருக்கிறார்களா என்று குதிக்கிறவனுக்குத் தெரியாது.

நல்ல கைடை அடையாளம் காண ஒரு வழி இருக்கிறது. ஏதாவது ஒரு கதையைச் சொல்லச் சொல்லி, "இதை யார் சொல்லிக் கேட்டீர்கள்?" என்று கேளுங்கள். காவலாளி சொன்னது, காந்தல் பக்கத்துப் பாட்டி சொன்னது, பழைய புத்தகத்தில் படித்தது, இணையத்தில் வந்தது என்று பிரித்துச் சொல்கிறவர் தொழில் தெரிந்தவர். "எல்லாரும் சொல்றாங்க" என்பதைத் தாண்டி ஒன்றும் வராவிட்டால், அந்தக் கதை நைனிடாலிலும் சிம்லாவிலும் அப்படியே உலவிக்கொண்டிருக்கும். குதிரையில் வரும் தலையில்லாத துரை, லிஃப்ட் கேட்கும் வெள்ளைச் சேலைப் பெண், மாடி இல்லாத கட்டடத்தில் மாடியில் நாற்காலி இழுபடும் சத்தம்: இவை எந்த மலை ஊருக்கும் பொருந்தும் கதைகள். கேட்கலாம், ரசிக்கலாம். ஆனால் ஒரு நடை முழுக்க இவையாகவே இருந்தால் நீங்கள் ஊட்டியைப் பார்க்கவில்லை.

இன்றும் இயங்கிவரும் விடுதி, பள்ளி, வீடு ஆகியவற்றின் பெயரைச் சொல்லிப் பேய்க்கதை விற்கிற கைடையும் தவிர்ப்பது நல்லது. அங்கே வேலை செய்கிறவர்களும் படிக்கிற பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

உடுப்பும் பையும்

ஊட்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சமவெளியிலிருந்து அன்றுதான் ஏறி வந்தவர்களுக்கு மேடு ஏறும்போது மூச்சு வாங்கும். அதைப் பயம் என்று நினைத்துக்கொள்பவர்களும் உண்டு. வந்த நாளே நடை வேண்டாம், மறுநாள் வைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் இன்ஹேலரை பையில் வைக்காமல் சட்டைப் பையிலேயே வைத்திருங்கள்.

ஒரே தடிமனான ஜாக்கெட்டை விட மெல்லியதாக மூன்று அடுக்கு போடுவது நல்லது. உள்ளே உடம்போடு ஒட்டிய பனியன் வகை, நடுவில் கம்பளி ஸ்வெட்டர், வெளியே காற்றும் சாரலும் புகாத மேலுடுப்பு. மேடு ஏறும்போது ஒன்றைக் கழற்றுவீர்கள், நின்று கதை கேட்கும்போது திரும்பப் போட்டுக்கொள்வீர்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் பத்து நிமிடம் அசையாமல் நிற்பதால், நடப்பதை விட நிற்பதில்தான் குளிர் ஏறும். ஜீன்ஸ் நனைந்தால் காயவே காயாது. வேறு பேண்ட் போடுங்கள். காதை மூடும் குல்லா அவசியம். செருப்பு வேண்டாம், அடிப்பாகம் வழவழப்பான ஸ்போர்ட்ஸ் ஷூவும் வேண்டாம்.

டார்ச் ஆளுக்கொன்று. 200 லூமன் போதும். அதற்கு மேல் போனால் பனிமூட்டத்தில் வெளிச்சம் திரும்பி உங்கள் கண்ணிலேயே அடிக்கும், எதிரே வெள்ளைச் சுவர்தான் தெரியும். டார்ச்சை நெற்றியில் மாட்டுவதை விட இடுப்பளவில் பிடித்துத் தரையை நோக்கிக் காட்டினால் மூட்டத்துக்குள் பாதை தெரியும். குளிரில் போன் பேட்டரி சீக்கிரம் இறங்கும். போன் வெளிச்சத்தை நம்பி வராதீர்கள். தண்ணீரை எவர்சில்வர் பாட்டிலில் கொண்டுவாருங்கள். நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை இருக்கிறது, ஊருக்குள் தண்ணீர் பிடித்துக்கொள்ளும் இயந்திரங்கள் வைத்திருக்கிறார்கள். குளிருக்கு ஒரு வாய் மது என்ற யோசனை வேண்டாம். தோலில் ரத்த ஓட்டம் கூடி உடம்புச் சூடு வெளியேறும், தள்ளாட்டம் வேறு.

எந்த வழியாக நடப்பது

கீழே சொல்வது சுமார் மூன்று கிலோமீட்டர். ஏரிப் பக்கம் தொடங்கி, மார்க்கெட் வழியாக மேடேறி, சேரிங் கிராஸ் சந்திப்பில் முடியும். பல நடைகள் இதைத் தலைகீழாகச் செய்து ஏரிக்கரை இருட்டில் கொண்டுபோய் விடுகின்றன. வெளிச்சமும் டீக்கடையும் ஆட்டோவும் இருக்கும் இடத்தில் முடிப்பதே நல்லது.

முதல் நிறுத்தம் ஏரிக்கு அருகிலுள்ள செயின்ட் தாமஸ் சர்ச்சின் கல்லறைத் தோட்டம். இங்கே இரண்டு கல்லறைகளைத் தேடிப் பாருங்கள். ஒன்று வில்லியம் பேட்ரிக் ஆடம் என்ற சென்னை மாகாண கவர்னருடையது. 1880 கடைசியில் பதவி ஏற்க வந்தவர், 1881 மே மாதம் ஊட்டியிலேயே இறந்துபோனார். ஆறு மாதம்கூட ஆளவில்லை. இந்தப் பெயரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், நடையின் கடைசியில் மறுபடி வரும். இன்னொன்று ஜோசையா குட்வின் கல்லறை. சுவாமி விவேகானந்தரின் சொற்பொழிவுகளைச் சுருக்கெழுத்தில் எடுத்துக் காப்பாற்றிய ஆங்கிலேயர் அவர். 1898 ஜூன் 2ஆம் தேதி ஊட்டியில் காலமானபோது வயது 27. இவர் இல்லாவிட்டால் அந்தப் பேச்சுகளில் பெரும்பகுதி காற்றோடு போயிருக்கும். இந்தத் தோட்டத்தில் கைடு பேய்க்கதை சொல்லாவிட்டாலும் ஒரு குறையும் இல்லை.

கல்லறை எழுத்தைப் படிக்க ஒரு முறை உண்டு. மழையில் தேய்ந்த கல்லுக்கு நேரெதிரே டார்ச் அடித்தால் எல்லாம் ஒரே சாம்பல் நிறமாகத்தான் தெரியும். டார்ச்சைக் கல்லின் பக்கவாட்டில், கிட்டத்தட்ட கல்லோடு ஒட்டினாற்போல் வைத்து ஓரமாக அடியுங்கள். பள்ளமான எழுத்துகளுக்குள் நிழல் விழுந்து ஒவ்வொன்றாக எழுந்து நிற்கும். தாளை வைத்துப் பென்சிலால் தேய்ப்பது, சாக்பீஸ் பூசுவது, தண்ணீர் ஊற்றித் துடைப்பது, பாசியைச் சுரண்டுவது எதுவும் கூடாது. நூற்றைம்பது வருடக் கல் ஏற்கனவே ஏடு ஏடாகப் பிரிந்துகொண்டிருக்கிறது. பாசியோடு எழுத்தும் கையில் வந்துவிடும். கல்மேல் உட்காருவதும் சாய்வதும் வேண்டாம்.

சின்னங்களும் பேசும். பாதியில் முறிந்த தூண், இளம் வயதில் போனவர். ஆட்டுக்குட்டி, குழந்தை. நங்கூரம், மறுமை நம்பிக்கை. துணி போர்த்திய ஜாடி, துக்கம். பிறந்த தேதியையும் இறந்த தேதியையும் கழித்துப் பார்த்துக்கொண்டே நடந்தால், மாதக் கணக்கில் மட்டும் வாழ்ந்த குழந்தைகள் எத்தனை பேர் என்று தெரியவரும். ஊட்டியில் உலவும் வெள்ளைக்காரப் பேய்க்கதைகளில் குழந்தையைத் தேடும் தாய் ஏன் திரும்பத் திரும்ப வருகிறாள் என்பதற்கு இந்தக் கற்களே போதும்.

அங்கிருந்து மார்க்கெட் பக்கம் வந்தால் மாரியம்மன் கோவில். நடை திறந்திருக்கும் நேரத்தைக் கைடு முன்பே விசாரித்திருக்க வேண்டும். சந்தைக்கு வந்திருந்த வியாபாரிகளிடம் இரண்டு பெண்கள் தங்க இடம் கேட்டார்கள், அவர்கள் மரத்தடியைக் காட்டினார்கள், மின்னல் வெட்டியது, பெண்களைக் காணவில்லை. இதுதான் கோவிலின் கதை. அதனால் இங்கே மாரியம்மனும் காளியம்மனும் ஒன்றாக அமர்ந்திருக்கிறார்கள். காட்டேரி அம்மனுக்கும் சன்னதி இருக்கிறது. சமவெளி ஊர்களில் கர்ப்பிணிகளையும் பச்சைக் குழந்தைகளையும் பிடிக்கும் என்று பயப்படுகிற அதே காட்டேரி, இங்கே அவர்களைக் காக்கும் தாயாக நிற்கிறாள். பயந்ததைக் கும்பிட்டு உறவாக்கிக்கொள்ளும் வழக்கத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் இந்த ஊரில் இல்லை. இதை அவசரமாகக் கடந்துபோகும் நடைகள் பெரிய விஷயத்தை இழக்கின்றன. குறைந்தது இருபது நிமிடம் ஒதுக்கச் சொல்லுங்கள். செருப்பை வெளியே விடுங்கள், உள்ளே படம் எடுக்காதீர்கள், கதையை வெளியே நின்று கேளுங்கள். சாமி கும்பிட வந்தவர்களுக்கு நடுவே நின்று "பேய்" என்று உரக்கப் பேசுவது மரியாதையில்லை. ஏப்ரலில் இந்தக் கோவில் தேர்த்திருவிழா நடக்கும்; தேர்மீது உப்பு வீசி வேண்டிக்கொள்வார்கள். அந்த நாளில் நடை வைக்காமல் திருவிழாவையே பாருங்கள்.

மார்க்கெட்டிலிருந்து மேடேறினால் செயின்ட் ஸ்டீபன் சர்ச். நல்ல ஏற்றம், மெதுவாகப் போங்கள். 1829இல் அடிக்கல் நாட்டி, 1830இல் அர்ப்பணித்து, 1831 ஈஸ்டரில் மக்களுக்குத் திறந்தார்கள். உள்ளே தலை தூக்கிப் பாருங்கள்: அந்தப் பெரிய உத்திரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்த மரம். தோற்ற மன்னனின் வீட்டு மரம் ஜெயித்தவர்களின் கோவிலுக்குக் கூரையைத் தாங்குகிறது. சாபம், முனகல் என்று கைடு எதைச் சேர்த்தாலும், இந்த உண்மைக்கு முன்னால் அது சின்னதாகத்தான் தெரியும்.

சர்ச்சுக்குப் பின்னால் சரிவில் கல்லறைத் தோட்டம். கோயம்புத்தூர் கலெக்டராக இருந்து 1819இல் இந்த மலைக்கு ஏறிவந்து, ஊட்டியை ஊராக்கிய ஜான் சல்லிவனின் மனைவி ஹென்றியெட்டாவும் மகளும் இங்கே புதைக்கப்பட்டிருக்கிறார்கள். சல்லிவன் ஊருக்குத் திரும்பி 1855இல் இங்கிலாந்தில் இறந்தார். இந்தச் சரிவில் வெளிச்சம் போவதற்குள் இறங்கிவிட வேண்டும். புல் மூடிய இடத்தில் கல்லறை ஓரங்கள் உள்வாங்கியிருக்கும், முழங்கால் வரை இறங்குகிற குழிகளும் உண்டு. ஒருவர் பின் ஒருவராக, முன்னவர் மிதித்த இடத்திலேயே கால் வையுங்கள்.

இனி சேரிங் கிராஸ் நோக்கி இறங்கும் வழி. இந்த அரை மணிதான் அந்தி. பேச்சைக் குறைத்து நடக்கச் சொல்லுங்கள். 1859இல் தொடங்கிய நீலகிரி நூலகத்தின் கட்டடம் இந்தப் பக்கம்; உறுப்பினர்களுக்கான இடம், வெளியே நின்றே பார்க்கலாம். மேட்டின் மேல் அரசு கலைக் கல்லூரி வளாகத்துக்குள் சல்லிவன் 1820களில் கட்டிய ஸ்டோன் ஹவுஸ் இருக்கிறது, ஊட்டியின் முதல் பங்களா. அனுமதியில்லாமல் உள்ளே போக முடியாது. கேட்டைத் தாண்டலாம் என்று யார் கூப்பிட்டாலும் போகாதீர்கள்.

முடிவு சேரிங் கிராஸில், நீரூற்றின் முன். அது ஆடம் நீரூற்று. மதியம் யாருடைய கல்லறை முன் நின்றீர்களோ, அதே கவர்னரின் நினைவாக எழுப்பியது. தினமும் ஆயிரம் பேர் அதன் முன் படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

மலைமக்களின் கதைகள்

நீலகிரியில் நான்கு விதமான கதைகள் ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன. வெள்ளைக்காரர் விட்டுப்போன பங்களாக் கதைகள். சந்தையோடு ஏறிவந்த அம்மன் கதைகள். தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகளில் (வரிசை வீடுகளில்) சொல்லும் முனி, மாடன் கதைகள். இவற்றுக்கெல்லாம் முன்பிருந்தே இந்த மலையில் வாழும் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், படுகர் சொல்பவை. தோட்டத்துக் கதைகளில் ஒரு பகுதி 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து திரும்பிய குடும்பங்களோடு வந்தது. அவற்றைக் கேட்க வேண்டுமானால் ஊட்டி வீதியில் கிடைக்காது, கூடலூர், கோத்தகிரிப் பக்கம் போக வேண்டும்.

நான்காவது வகையில்தான் கைடுகள் அதிகம் சறுக்குகிறார்கள். தோடர் நம்பிக்கையில் இறந்தவர்கள் பேயாக அலைவதில்லை. மேற்கே போகிறார்கள். மூக்குருத்தி சிகரம் மறுவுலகத்துக்கான வழியில் இருக்கிறது, அவர்களோடு அவர்களுடைய எருமைகளும் போகும். இதைப் "பேய் மலை" என்று விற்பது தவறு. படுகர் சாவுச் சடங்கில் இறந்தவர் செய்திருக்கக்கூடிய பாவங்களை வரிசையாகச் சொல்லி, அவற்றை ஒரு கன்றின் மேல் ஏற்றி விடும் வழக்கம் பழைய பதிவுகளில் விரிவாக உள்ளது. மறுவுலகுக்குப் போகும் வழியில் நூல் பாலம் ஒன்றும் அந்தச் சடங்கில் பாடும் பாட்டில் வரும். அவர்கள் தெய்வமாகக் கும்பிடும் ஹெத்தை ஒரு மூதாதைப் பெண். டிசம்பர், ஜனவரியில் ஹெத்தை திருவிழா. கோத்தகிரி அருகே பேரகணியில் பெரிய கூட்டம் கூடும்.

குறும்பரைப் பற்றிய சூனியக் கதைகளை எந்த நடையிலும் கேட்பீர்கள். அவற்றைக் கேட்கும்போது ஒன்று நினைவிருக்கட்டும். சூனியம் வைத்தார்கள் என்ற சந்தேகத்தில் குறும்பர் குடும்பங்களைத் தாக்கிக் கொன்ற சம்பவங்கள் 19ஆம் நூற்றாண்டு அரசுப் பதிவுகளிலேயே இருக்கின்றன. சூனியத்தால் யாரும் செத்ததற்கு ஆதாரமில்லை, சந்தேகிக்கப்பட்டவர்கள் செத்திருக்கிறார்கள். கைடு இதையும் சேர்த்துச் சொல்கிறாரா என்று பாருங்கள். சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள். குழுவில் உள்ள மற்றவர்களும் தெரிந்துகொள்வார்கள்.

தோடர் மந்துக்குள், அதாவது அவர்கள் குடியிருப்புக்குள், அழைக்கப்படாமல் நுழைவதும், கோவில் குடிலை நெருங்குவதும் கூடாது. இரவில் போகவே கூடாது.

பயமுறுத்துகிறவை எவை

கூரையில் டக், டக் என்று யாரோ நடக்கும் சத்தம்: ஊட்டிப் பழைய கட்டடங்களில் தகரக் கூரை அதிகம். பகல் வெயிலில் விரிந்த தகடு, சூரியன் மறைந்ததும் சட்டென்று குளிர்ந்து சுருங்கும், ஆணி பிடித்த இடங்களில் ஒவ்வொன்றாக விடுபட்டுச் சத்தம் வரும். சூரியன் மறைந்த முதல் ஒரு மணி நேரம்தான் இது அதிகம், நள்ளிரவில் அடங்கிவிடும். யூகலிப்டஸ் மரங்களின் பட்டை நீள நீளமாக உரிந்து தொங்கும், காற்றில் தண்டோடு அடித்துக்கொள்ளும். நெருக்கமாக வளர்ந்த இரண்டு மரங்கள் உரசினால் கதவு கிறீச்சிடுவது போலவே கேட்கும். காட்டோரம் நாய் குரைப்பது போல ஒரே சீராகக் கேட்டால் அது கேளையாடு என்ற சிறு மானாக இருக்கலாம்.

திடீரென்று வரும் பூ வாசனை, "மோகினி வந்தாச்சு" என்று கைடு சொல்லும் தருணம். சுற்றிலும் டார்ச் அடித்துப் பாருங்கள். வேலியோரத்தில் ஒரு சாண் நீளத்துக்குப் பெரிய வெள்ளைப் பூக்கள் தலைகீழாகத் தொங்கும் செடி இருக்கும், ஊமத்தை இனம். பகலில் வாசம் பெரிதாக இருக்காது, சாயங்காலத்துக்கு மேல்தான் கமழும். மூட்டத்தில் அந்தப் பூக்கள் காற்றில் ஆடும் வெள்ளைத் துணி போலத் தெரியவும் செய்யும். வாசமும் வெள்ளையும் ஒரே இடத்தில்! கதை பிறக்க வேறென்ன வேண்டும். ஆனால் பூ, இலை, விதை எல்லாமே விஷம். தொடாதீர்கள், குழந்தைகளைப் பறிக்க விடாதீர்கள்.

போட்டோவில் வரும் வெள்ளை வட்டங்கள் ஃபிளாஷ் வெளிச்சம் லென்ஸுக்கு மிக அருகே மிதக்கும் பனித்துளிகளில் பட்டுத் தெறிப்பது. ஃபிளாஷை அணைத்து அதே இடத்தை மறுபடி எடுங்கள், மறைந்துவிடும். போனின் இரவு மோடு இரண்டு மூன்று நொடி திறந்திருக்கும். அதற்குள் ஒருவர் குறுக்கே நடந்தால் பின்னாலிருக்கும் சுவர் தெரியும்படி ஒரு கண்ணாடி மனிதர் படத்தில் வருவார். படத்தை மற்றவர்களுக்கு அனுப்புவதற்கு முன் இதைச் சரிபாருங்கள்.

நிஜமாகவே பயப்பட வேண்டியவை

முதலில் தெருநாய்கள். கூட்டமாக வந்தால் ஓடாதீர்கள், கத்தாதீர்கள்; எல்லாரும் நெருங்கி ஒரே வேகத்தில் நடந்து அவற்றின் தெருவைத் தாண்டுங்கள். அடுத்தது காட்டுமாடு. ஊட்டியின் ஓரங்களிலும், குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் வீதிகளிலும் சாதாரணமாக நிற்கும். அசையாமல் நிற்பதால் சாது என்று நினைத்துவிடாதீர்கள். டார்ச்சைக் கண்ணில் அடிக்காமல், கன்றுக்கும் தாய்க்கும் நடுவே போகாமல், முதுகு காட்டாமல் வந்த வழியே பின்வாங்கி வேறு பாதை எடுங்கள். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டங்களில் கரடி இறங்குகிறது. கோவில் விளக்குகளில் ஊற்றிய எண்ணெயைத் தேடி வரும். அதனால் அந்த ஊர்களில் இருட்டியபின் தோட்டப் பாதையில் நடை வைப்பதாகச் சொன்னால் மறுத்துவிடுங்கள். காப்புக்காட்டுக்குள் இரவில் நுழைவது சட்டப்படி குற்றமும்கூட. ஏதாவது நடந்துவிட்டால் 108 ஆம்புலன்ஸ், 112 அவசர உதவி. நிற்கும் இடத்தின் பெயரைக் கைடு ஒவ்வொரு நிறுத்தத்திலும் சொல்லிவிடுவது நல்ல பழக்கம்.

பத்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளை கோவில் வரை அழைத்துவந்து அறைக்குத் திருப்பி அனுப்புங்கள். அவர்கள் நடையில் பயப்பட மாட்டார்கள், ராத்திரி படுக்கையில்தான் பயப்படுவார்கள். குடும்பத்தில் அமாவாசையன்றோ கர்ப்ப காலத்திலோ அந்தி நேரத்தில் வெளியே போகக்கூடாது என்ற வழக்கம் இருந்தால் அதைக் கேலி செய்ய வேண்டாம். அவர்களுக்குக் காலை பத்து மணிக்கு இதே வழியை வைத்துக்கொடுக்கலாம். சிலர் திருநீறு பூசிக்கொண்டு, மடியில் வேப்பிலையோ இரும்புத் துண்டோ வைத்துக்கொண்டு வருவார்கள். தாராளமாக. எலுமிச்சம்பழம், குங்குமம் ஆகியவற்றைக் கல்லறை மேலும் முச்சந்தியிலும் விட்டுவிட்டுப் போவது மட்டும் வேண்டாம். மறுநாள் காலையில் அதைப் பார்த்துப் பயப்படப்போவது அந்தத் தெருக்காரர்கள்.

பழனி மலைப் பக்கம் தங்கியிருப்பவர்களுக்கு இதே மாதிரி வீதி நடையைப் பரிந்துரைப்பது கடினம். இருட்டியபின் கொடைக்கானல் ஏரிச் சாலையில் காட்டுமாடு நடமாட்டம் அதிகம். அங்கே பகலில் பார்க்கக்கூடிய ஆவி ஒன்று இருக்கிறது. கோக்கர்ஸ் வாக் என்ற நடைபாதையில், சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் தாழ்வாக இருந்து எதிரே பள்ளத்தாக்கில் மூட்டம் நிரம்பியிருந்தால், உங்கள் நிழலே பெரிய உருவமாக மூட்டத்தின் மேல் விழும், தலையைச் சுற்றி வானவில் வளையத்தோடு. கையை அசைத்தால் அதுவும் அசைக்கும். பக்கத்தில் நிற்பவருக்கு அவருடைய நிழலைச் சுற்றித்தான் வளையம் தெரியும், உங்களுடையதைச் சுற்றித் தெரியாது. அந்தப் பாதை கிழக்கும் தெற்கும் நோக்கிய விளிம்பு என்பதால் சாயங்காலம்தான் வாய்ப்பு. மழை விட்டு வெயில் அடிக்கும் மாலையாகப் பார்த்து, டிக்கெட் கவுண்டர் மூடும் நேரத்தை விசாரித்துக்கொண்டு போங்கள்.